ஏழாம் வளைவின் டயர் சுவர்

எங்கள் ரேஸ் டிராக்கில் அவரை எல்லோரும் சுவரக்கா என்றுதான் கூப்பிட்டோம். வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் வாசல் காவலருக்கே யாரென்று தெரியாது.

வளைவுகளின் வெளிப்பக்கம் பழைய டயர்களை ஆறு ஆறாக அடுக்கி, துளையிட்டு, ஒன்றோடொன்று போல்ட் போட்டு முடுக்கி, முன்னால் கனத்த ரப்பர் பெல்ட்டை இழுத்துக் கட்டுவார்கள். தடம் தவறும் கார் அதில் மோதி நிற்க வேண்டும், ஓட்டியவர் இறங்கி நடந்து வர வேண்டும். அந்தச் சுவரைக் கட்டுவதும், இடிந்ததை மறுபடி எழுப்புவதும் அவர் வேலை. அதற்கு முன் பதினொரு வருடம் டயர் ரீட்ரேடிங் பட்டறையில் இருந்தவர். ரப்பர் புகை நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளாமல் எங்களிடம் வந்தார். நான் அப்போது மாடியில், சுற்றுக்கு எத்தனை விநாடி என்று குறிக்கும் அறையில் இருந்தேன்.

மோதலைப் பார்க்காமலே, சுவரில் விழுந்த பள்ளத்தைச் சாணால் அளந்து எந்த மாதிரி வண்டி என்று சொல்லிவிடுவார். "சின்ன வண்டி வந்து தட்டிட்டு நிக்கும். இந்தக் குண்டு வண்டிங்க கதவத் தொறந்துட்டு வர்ற மாதிரி உள்ள வருது" என்பார். நாங்கள் சிரிப்போம். அவர் சிரிக்க மாட்டார். டிராக் போடப்பட்ட காலத்தில் வந்ததெல்லாம் சின்ன வண்டிகள். பிறகு பெரிய எஞ்சின் வைத்த கனத்த கார்கள் வர ஆரம்பித்தன. எடையும் வேகமும் ஏறின. நீண்ட நேர்ப்பாதை முடியும் ஏழாம் வளைவில் மட்டும் சுவர் பழையபடி இரண்டே வரிசை.

அந்த வளைவில் சுவருக்குப் பின்னால் நின்று கொடி காட்டுகிறவன் அவருடைய தம்பி. அக்காவேதான் அவனை வேலைக்குச் சேர்த்துவிட்டார். கீழ் வீட்டில் சுவரக்கா தனியாக, மாடி அறையில் தம்பி, அவன் மனைவி, நடக்கப் பழகும் பெண் குழந்தை. காலையில் அவன் பூட்ஸ் படியில் தடதடவென்று இறங்கும். "படிய ஒடச்சிட்டு மொத்தமா கீழயே குடி வந்துடு" என்று இவர் உள்ளிருந்து குரல் கொடுப்பார்.

ஏழாம் வளைவுக்கு மூன்றாவது வரிசை வேண்டும் என்று மேலாளரிடம் கேட்டிருந்தார். கொல்லைப்புறத்தில் டயர் குவிந்து கிடந்தது. ஆனால் துளை போட்டு அடுக்கி முடிக்க இரண்டு நாள் டிராக்கை மூட வேண்டும்.

"இத்தன வருஷமா நிக்குதேம்மா" என்றார் மேலாளர்.

"இத்தன வருஷமா வந்தது சின்ன வண்டி சார்."

தினமும் காலையில் சுவரைச் சுற்றிப் பார்த்து ஒரு தாளை நிரப்பித் தர வேண்டும். கடைசி வரி: பாதுகாப்பாக உள்ளதா, ஆம், இல்லை. இரண்டு வாரம் அவர் 'இல்லை'யில் வட்டம் போட்டார். இரண்டு வாரமும் மேலாளர் அந்தத் தாளை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டுக்கொண்டார். டிராக் வழக்கம்போல ஓடியது.

அப்போதுதான் கார்களைப் பற்றி வீடியோ போடும் குழு ஒன்று ஒரு நாள் முழுக்க டிராக்கை வாடகைக்கு எடுத்தது. எடை குறைந்த, இருவர் மட்டும் உட்காரும் கார் ஒன்று, பெரிய எஞ்சின் கார் ஒன்று, இரண்டுக்கும் ஒரே ஓட்டுநர். டிராக்கில் ஓட்ட எது தேவலை என்று காட்டப் போகிறார்கள். இரண்டையும் எடைமேடையில் ஏற்றினோம். சின்னது தொள்ளாயிரத்து நாற்பது கிலோ. பெரியது ஆயிரத்து எண்ணூற்று முப்பது.

அன்று காலை மேலாளர் தாளோடு தானே சுவர் வரை நடந்து வந்தார். "இன்னிக்கு வெளி ஆளுங்க வர்றாங்க. 'இல்லை'ன்னு போட்ட தாளக் கேட்டாங்கன்னா மானம் போயிடும். திங்கக்கெழம மூடிடறேன், மூணாவது வரிச போட்டுக்கோ. இது சத்தியம்."

சுவரக்கா 'ஆம்' என்பதில் வட்டம் போட்டார்.

பிறகு தம்பியிடம் போய், "பெரிய வண்டி வரும்போது பத்தடி பின்னால நில்லுடா" என்றார்.

"அங்க நின்னா கொடி யாருக்குக்கா தெரியும்? நீ சுவத்தப் பாரு, நான் கொடியப் பாத்துக்கறேன்."

காலையில் சின்ன கார் ஓடியது. ஆறு சுற்று ஓடியும் நேரம் பெரிதாக மாறவில்லை. சிறந்தது ஒரு நிமிடம் நாற்பத்தெட்டு புள்ளி மூன்று. இறங்கிய ஓட்டுநருக்கு முகமெல்லாம் சிரிப்பு. நல்ல மனுஷர். சுவரைப் பார்க்க வந்தபோது சுவரக்காவிடம், "உங்களுக்கு ரெண்டுல எது புடிக்கும்?" என்று கேட்டார்.

"என் சுவத்துப் பக்கம் வராத வண்டி எல்லாமே எனக்குப் புடிச்ச வண்டிதான் சார்."

மதியத்துக்கு மேல் பெரியது. நேர்ப்பாதையின் முடிவில் சின்னதைவிட முப்பது கிலோமீட்டர் கூடுதல் வேகம். இரண்டாவது சுற்றில் ஒரு நிமிடம் நாற்பத்தெட்டு புள்ளி ஆறு. மூன்றாவதில் நேரம் ஒரு விநாடிக்கு மேல் கூடிவிட்டது. ஓட்டுநர் உள்ளே வந்து நிறுத்தினார். சக்கரங்களிலிருந்து கருகல் வாடை.

"நேர் ரோட்டுல இது ராஜா. வளைவு வந்துட்டா கால்ல விழ வேண்டியிருக்கு. பிரேக் களைச்சுப் போச்சு" என்றார்.

அதோடு போதும் என்று விட்டிருப்பார்கள். ஆனால் இரண்டு காருக்கும் வித்தியாசம் எவ்வளவு என்று குழுவினர் வாக்கிடாக்கியில் கேட்டார்கள். நான்தான் சொன்னேன், உற்சாகமாகவே சொன்னேன்: "ஒரு விநாடில பத்துல மூணு பங்குதான் சார்!" குழுவில் விசில் பறந்தது. ஆறவிட்டு இன்னும் ஒரு சுற்று போய்ப் பார்க்கலாம் என்று முடிவானது. இருபது நிமிடம் ஆறவிட்டார்கள்.

மாடி சன்னலிலிருந்து ஏழாம் வளைவு தெரியும். கார் வந்தது. பிரேக் விளக்கு எரிந்தது, அணைந்தது, மறுபடி எரிந்தது. பெடலை அவர் திரும்பத் திரும்ப மிதித்திருக்கிறார். அது தரைவரை போயிருக்கிறது. வேகத்தைக் குறைக்கச் சுவருக்கு முன்னால் கொட்டியிருந்த ஜல்லிப் படுகையில் இறங்கியும் வேகம் மட்டுப்படவில்லை. தம்பி கொடியைப் போட்டுவிட்டு ஓடினான். ஏழெட்டு அடி ஓடியிருப்பான். இரண்டு வரிசையையும் கார் அப்படியே பின்னால் தள்ளிக்கொண்டு போனது. சுவர் அவன்மேல் சாய்ந்தது.

ஓட்டுநர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தானே இறங்கினார். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் சுவரக்கா டயர்களுக்குப் பக்கத்தில் மண்டியிட்டிருந்தார். தனி டயர் என்றால் புரட்டிப் போட்டிருக்கலாம். இவை ஒன்றோடொன்று முடுக்கியவை, பெல்ட்டோடு சேர்ந்து ஒரே பாளம். ஆறு பேர் தூக்கியும் அசையவில்லை. கிரேன் டிராக்கின் மறுகோடியில் இருந்தது. ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. காலையில் அவரே ஏறிநின்று முடுக்கிய போல்ட்டுகள். ஒன்றும் லேசில் இளகவில்லை.

இடுப்புக்குக் கீழே தம்பி தெரியவில்லை. நினைவு இருந்தது. "அவசரப்படாதக்கா, ஸ்பேனர் வழுக்கும்" என்றான்.

"பேசாத. மூச்ச விடு."

பத்தொன்பது போல்ட். நேரம் பார்ப்பது என் தொழில் என்பதால் பார்த்தேன். பதினான்கு நிமிடம். கடைசி அடுக்கைப் புரட்டியபோது அவர் உள்ளங்கைகளில் தோல் இல்லை.

நான்காம் நாள் மருத்துவமனையில் அவன் இறந்துபோனான்.

விசாரணை வந்தது. அன்றைய தாளை எடுத்து வைத்தார்கள். 'ஆம்', கீழே அவர் கையெழுத்து. முந்தைய இரண்டு வாரத் தாள்களைக் காணவில்லை. அப்படி எதுவும் தன்னிடம் வரவே இல்லை என்று மேலாளர் சாதித்தார். இழுப்பறையில் போட்டதைப் பார்த்தேன் என்று நான் சொன்னேன். தாளில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டார்கள். நான் படித்திருக்கவில்லை. தடுப்பு நல்ல நிலையில் இருந்ததாகப் பொறுப்பாளர் சான்றளித்திருந்தார் என்று அறிக்கை முடிந்தது. மறுவாரம் சுவரக்காவை வேலையிலிருந்து எடுத்தார்கள். அதற்குள் வெளியாட்களை வைத்து மூன்றாவது வரிசையைக் கட்டிவிட்டார்கள். இரண்டு நாள்கூட ஆகவில்லை.

வீடியோவும் வந்தது. மோதலை வெட்டிவிட்டார்கள். டிராக்குக்குச் சின்ன வண்டியே சிறந்தது என்று முடித்திருந்தார்கள். அதில் பொய்யில்லை.

அறிக்கையின் நகல் சுவரக்கா வீட்டு மாடிக்கும் போனது. தம்பி மனைவி அதை எடுத்துக்கொண்டு கீழே வந்தாள். கணவனின் அக்காவை அண்ணி என்றுதான் கூப்பிடுவாள்.

"ஏன் அண்ணி 'ஆம்'னு போட்டீங்க?"

"ரெண்டு வாரம் 'இல்லை'ன்னு போட்டேன். யாரும் கேக்கல."

"அன்னிக்கு ஏன் போட்டீங்கன்னு கேட்டேன்."

சுவரக்கா அறிக்கையை வாங்கி, மடித்து, அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். பிறகு, "சண்ட போட்டுச் சலிச்சுப் போச்சும்மா. ஒரு நாள்தானேன்னு நெனச்சேன்" என்றார்.

அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். சாமான்களை எடுத்துப் போக ஒரு வேன் வந்தது. தொட்டிலைப் பிரித்து வேனில் ஏற்றிக் கொடுத்தது சுவரக்காதான்.

இப்போது அவர் பஸ் டிப்போவில் டயர் மாற்றும் பிரிவில் இருக்கிறார். தம்பி மனைவி நிர்வாகத்தின் மேல் வழக்குப் போட்டதும், யாரும் கூப்பிடாமலே வக்கீலிடம் போய் நடந்ததை எல்லாம் சொன்னார். 'ஆம்' போட்டதை முதலில் சொன்னார். அது உங்களையே மாட்டிவிடும் என்று வக்கீல் எச்சரித்தபோது, "மாட்டட்டும், எழுதிக்கோங்க" என்றாராம். நானும் டிராக்கை விட்டுவிட்டேன். என் வாக்குமூலத்தையும் கொடுத்திருக்கிறேன், வாக்கிடாக்கியில் சொன்னது உட்பட.

மூன்றாவது வருடமாக வழக்கு நடக்கிறது. வாய்தா அன்று சுவரக்கா அரைநாள் லீவு போட்டு வருவார். முதல் வருடம் அவரும் தம்பி மனைவியும் கோர்ட் வராந்தாவின் இரு முனைகளில் உட்கார்ந்திருந்தார்கள். போன முறை நான் போனபோது ஒரே பெஞ்சில் இருந்தார்கள். நடுவில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு மணிக்கு அடுத்த தேதியைச் சொன்னார்கள். எழுந்து ஆளுக்கொரு பஸ் ஏறினார்கள்.