பேரில்லாத மடக்குக் கத்தி

அப்பாவின் மடக்குக் கத்தியைச் செய்தது யாரென்று இணையத்தில் கேட்டால், அலகின் அடியில் பெயர் பொறித்திருக்கும், பாருங்கள் என்கிறார்கள். அங்கே ஒரு மண்ணும் இல்லை. எரிச்சலோடு மறுபடி விரிக்கிறேன், மீனும் உப்புமாய் வாடை அடிக்கிறது, கடல் கொண்டுபோய்விட்ட எங்கள் கோவளத்து வீட்டின் கொல்லை கண்முன் வந்துவிடுகிறது: உப்புக்காற்றில் எல்லாம் துருப்பிடிக்கும் என்று, அம்மா சாயங்காலந்தோறும் புளியும் கடல்மணலும் போட்டு, சட்டி, அரிவாள்மனை, கத்தி என ஒன்று விடாமல் கரகரவென்று தேய்த்துக்கொண்டேயிருப்பாள்.

அம்மாவுக்கே போன் போட்டேன். "அப்பா கத்தியில எதுனா பேரு இருந்துச்சாம்மா?"

"பேரா? அடியில கருப்பா இன்னாவோ கறை இருந்திச்சி. வருசக்கணக்கா தேச்சி தேச்சி ஒருவழியா போக்கினேன். இப்ப பாரு, எப்டி பளிச்சினு கீது!"