ஒயருக்குத்தான் ஃபியூஸ் என்ற சகாயமேரி

சகாயமேரி இறந்துவிட்டார் என்று அவருடைய தம்பி அருள் தொலைபேசியில் சொன்னபோது, என் கணவரின் மூச்சுக் கருவிக்கு வடிகட்டி மாற்றிக்கொண்டிருந்தேன். "கடையத் தொறந்தாங்க டீச்சர். நெஞ்ச வலிக்குதுன்னு உக்காந்தாங்க. அவ்ளோதான்." வடிகட்டியைப் பொருத்தி முடித்த பிறகே என்னால் உட்கார முடிந்தது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அனுமந்தையில் தம்பியோடு சேர்ந்து வண்டிகளுக்கும் படகுகளுக்கும் ஒயரிங் செய்துவந்தவர் அவர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர்.

என் கணவர் மரக்காணம் உப்பளத்தில் மேற்பார்வையாளராக இருந்தார். நுரையீரல் கெட்ட பிறகு கருவியின்றி அவரால் அதிக நேரம் தாக்குப்பிடிக்க முடியாது. நான் கல்லூரி ஆசிரியர் வேலையை விட்டேன். இரண்டு வருடம் மருத்துவமனைக்குத் தவிர வாசலைத் தாண்டவில்லை. பழைய வேன் ஒன்றில் படுக்கையும் பேட்டரியும் வைத்தால் உப்பளத்தைப் பார்க்கப் போகலாமே என்று அவர்தான் கேட்டார். எனக்கென்னவோ, இருக்கும் அறைக்கே சக்கரம் மாட்டுவதாகத் தோன்றியது.

வேனை வாங்கினோம். சகாயமேரி வந்து, பேட்டரியிலிருந்து கருவி வரை அளந்தார். நான்கு மீட்டர். நோட்டில் எட்டு என்று எழுதினார். தவறு என்றேன்.

"போன கரண்ட்டு திரும்பி வர வேணாமா டீச்சர்? இருக்கறதே பன்னெண்டு வோல்ட்டு. அதுல ஒண்ணு வழியிலயே செத்துட்டா மிஷின் கத்தும். தடி ஒயரா போடணும்."

உப்புக் காற்றுக்குச் செம்பு பச்சை பிடிக்கும் என்று, படகுக்குப் போடும் வெள்ளீயம் பூசிய ஒயரையே சொல்லி அனுப்பினார். வர ஒரு வாரம் ஆகும். அதுவரை விளக்குக்கு இழுத்திருந்த பழைய ஒயரில் கருவியை மாட்டக்கூடாது என்று இரண்டு முறை சொன்னார்.

நான் மாட்டினேன். கணவர் ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொண்டிருந்தார். விளக்கின் ஐந்து ஆம்பியர் ஃபியூஸ் உடனே போனது. பேருந்து நிலையக் கடையில் இருபது ஆம்பியர் ஃபியூஸ் வாங்கிப் போட்டேன். கருவி ஓடியது. வேனை உப்பள வரப்புக்கு ஓட்டிச் சென்றேன்.

பாத்திகளின் நடுவே பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. வேனின் பக்கப் பலகைக்குள்ளிருந்து புகை. சகாயமேரியை அழைத்தேன்.

"பேட்டரி ஒயரப் புடுங்குங்க. கதவத் தொறந்து வைங்க. மிஷினுக்குள்ள பேட்டரி இருக்குதில்ல, எவ்ளோ நேரம் ஓடும்?"

"அரை மணி நேரம்."

"வர்றேன்."

வரப்பில் திருப்ப இடமில்லை. கருவியின் திரையில் நிமிடங்கள் குறைந்துகொண்டே வந்தன. ஏழு இருந்தபோது ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். வேறொருவர் படகுக்கு வைத்திருந்த தடித்த ஒயரைத் தரையிலேயே இழுத்தார். பேட்டரிக்கு அருகில் பதினைந்து ஆம்பியர் ஃபியூஸ் வைத்தார். கருவி மறுபடி வேனின் பேட்டரியில் ஓடியது. பிறகுதான் நான் போட்ட இருபது ஆம்பியர் ஃபியூஸைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"யாரு போட்டது இத?"

"நான்தான்."

"ஃபியூஸு இன்னா மிஷினக் காப்பாத்தவா? ஒயரு எரியாம இருக்கத்தான். ஒயரு தாங்கறதவிடப் பெருசா போட்டா, ஒயரு எரியும், ஃபியூஸு உக்காந்துனு வேடிக்கை பாக்கும்!"

முகமூடியை விலக்கி என் கணவர் சொன்னார்: "திட்டாத மேரி. பட்டம் வாங்கனவங்க."

"எது, காத்துல வுடற பட்டமா?"

இரண்டு வருடத்தில் என் கணவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். என்னால் சிரிக்க முடியவில்லை. வேனை எடுக்கப்போய்ச் சாவியைக் கீழே போட்டேன். அதைப் பார்த்துவிட்டு, வேனை வரப்பிலிருந்து பின்னோக்கி எடுத்து வந்தவரும் சகாயமேரிதான்.

நேற்று அடக்கத்துக்கு அதே வேனில் போனோம். கல்லறைத் தோட்டத்துச் சந்தில் வேன் நுழையவில்லை. இப்போது முகமூடியைத் தானே விலக்க என் கணவரின் கைக்கு வலுவில்லை. அவரை விட்டு இறங்க எனக்குத் துணிவில்லை. திறந்த கதவோரம் உட்கார்ந்து, சந்துக்குள் திரும்பப்போன சவப்பெட்டியைப் பார்த்தேன்.

அருள் எங்களைக் கவனித்துவிட்டார். தூக்கியவர்களிடம் ஏதோ சொன்னார். பெட்டி வேனை நோக்கி வந்தது. கதவுக்கு நேராக, படுக்கையின் உயரத்துக்கு இறக்கிப் பிடித்தார்கள். என் கணவர் நெடுநேரம் பார்த்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை.

சகாயமேரி, கல்லறை வரை உங்களோடு நடக்க நான் இறங்கவில்லை. நீங்கள்தான் எங்களிடம் வந்துவிட்டுப் போனீர்கள்.