கத்தரி அக்கா அளவெடுத்துத் தைத்த அறை

காது மந்தமானவருக்குப் பாட்டுக் கேட்க ஓர் அறை எதற்கு? தெருவே இப்படிக் கேட்டது. இதை எழுதுபவனும் கேட்டான்.

அந்த அறையை அமைத்தவர் கத்தரி அக்கா. தையற்கடை வைத்திருக்கிறார். துணியில் ஓடும் கத்தரி பேச்சிலும் ஓடும் என்பதால் அந்தப் பெயர். அவர் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். என்ஜின் இரைச்சலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து காது தேய்ந்துவிட்டது. இப்போது காதுக் கருவி. ஆசை ஆசையாய் வாங்கிய இரண்டு பெரிய ஸ்பீக்கர்கள் முன்னறையில் சும்மா நின்றன. மொட்டைச் சுவர், டைல்ஸ் தரை. போட்ட பாட்டு சுவருக்குச் சுவர் மோதிக் கூழாகத்தான் அவர் காதுக்குப் போகும்.

"சத்தம் வருது, வார்த்தை வரல. இந்த ஸ்பீக்கரை உன் தம்பியே எடுத்துட்டுப் போகட்டும். ஞாயித்துக்கிழமை வரச் சொல்லிட்டேன்" என்றார் டிரைவர்.

அதன்பிறகு அவர் பின்னறையில் ஒதுங்கி உட்கார்ந்திருந்ததை அக்காவால் பார்க்க முடியவில்லை. முன்னறையில் நின்று கை தட்டினார். கணீரென்று திரும்பி வந்தது. கடையில் துணிக்கட்டுகளுக்கு நடுவே தட்டினார். தட்டிய இடத்திலேயே அடங்கியது.

"அட, இவ்வளவுதானா!"

தையற்காரர் புத்தி அல்லவா? அறைக்கே அளவெடுத்து, பஞ்சு வைத்துத் தைத்து, நாலு சுவரையும் இண்டு இடுக்கு விடாமல் மூடிவிட்டார். பாட்டைப் போட்டால் பாடகி போர்வைக்குள் முனகுவது போலிருந்தது. மேளம் மட்டும் பழையபடி மூலையில் நின்று முழங்கியது.

"என்ன, அந்தம்மாவுக்குச் சளியா?" என்றார் டிரைவர்.

போட்ட தையலைப் பிரித்ததே இல்லை என்று மார்தட்டுகிற அக்கா, அன்று எல்லாவற்றையும் பிரித்தார். தைப்பதற்கு இடம் வேண்டுமென்று கடையிலிருந்த ஆளுயரக் கண்ணாடியை முன்னறையின் பக்கச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார். நாற்காலியிலிருந்த டிரைவர் சொன்னார்:

"இந்தா, கண்ணாடிக்குள்ள ஒரு ஸ்பீக்கர் தெரியுது பாரு."

அக்காவுக்குப் பளிச்சென்றது. "கண்ணாடியில ஸ்பீக்கர் உங்க கண்ணுக்குத் தெரியற இடத்துலதாங்க சத்தமும் பட்டுத் திரும்பி உங்க காதுக்கு வருது! அசையாம உட்காருங்க!"

கண்ணாடியை இரண்டு பக்கச் சுவரிலும் நகர்த்தி, ஸ்பீக்கர் தெரிந்த இடங்களில் மட்டும் தையல் சாக்பீஸால் கோடு போட்டார். தடித்த மரச்சட்டங்களில் வெட்டுத்துணியைத் திணித்து, சுவரிலிருந்து சற்றுத் தள்ளி அங்கே மாட்டினார். மேளம் முழங்கிய மூலைகளில் தரையிலிருந்து கூரை வரை தடித்த துணித்தூண்கள். காலடியில் ஒரு கம்பளம். மிச்சச் சுவரைத் தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வண்டியோடு வந்தான்.

"என்னக்கா, சுவருக்கெல்லாம் சட்டை போட்டிருக்க?"

"உன் சட்டையைவிட நல்லாத்தான் உட்கார்ந்திருக்கு. சும்மா இரு."

பாட்டு ஓடியது. டிரைவர் சட்டென்று நிமிர்ந்தார். "பாடறதுக்கு முன்னாடி அந்தம்மா மூச்சு இழுக்குது... கேட்டியா?" வார்த்தை வார்த்தையாகக் கூடவே பாட ஆரம்பித்தார்.

தம்பி மெதுவாகக் கேட்டான். "மாமா, அப்ப ஸ்பீக்கரை வண்டியில ஏத்தலாமா?"

டிரைவர் காதில் கை வைத்தார். "என்ன சொன்ன மாப்ள? கேக்கல."

அக்கா சிரித்த சிரிப்பு தெருமுனை வரை போனது. இன்று அந்த அறையைப் பார்க்க வருகிறவர்களிடம் "என் கைத்தையல்" என்று தலைநிமிர்ந்து சொல்கிறார்.

எதுவும் சரியாகக் கேட்பதில்லை என்று ஒதுங்கி உட்கார்ந்த ஒருவர் உங்களுக்குத் தெரிந்த வீட்டில் இருந்தால், அந்த வீட்டாருக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். அவர்களையும் நாலு பேருக்குச் சொல்லச் சொல்லுங்கள்.