தொகோரோதேயும் அப்பாவும்

எனக்குப் பொறுமை கிடையாது. எதையும் பட்டென்று கேட்டு, பட்டென்று பதில் வாங்கிவிட வேண்டும். அப்படிப்பட்டவளுக்குப் பெருமாள் கொடுத்த அப்பாவோ, பேச்சைத் திருப்புவதில் மன்னர்.

எழுபதுகளின் நடுவில், மெட்ராஸில் மாமா வீட்டில் தங்கி ஜப்பானிய மொழி படித்துவிட்டுத் திருவள்ளூருக்குத் திரும்பியிருந்தேன். காக்களூரில் ஒரு சின்னத் தொழிற்சாலைக்கு ஜப்பானிலிருந்து மிஷின் வந்திறங்கியது. கூடவே ஒரு இன்ஜினியரும். அவர் பேசுவதைத் தமிழில் சொல்ல ஆள் வேண்டும். வேலை உனக்குத்தான் என்றார் முதலாளி. அப்பா சம்மதிக்க வேண்டுமே! கோயில் மடப்பள்ளியில் கைங்கர்யம் செய்கிறவர் அவர். எங்கள் வீட்டுப் பெண்கள் யாரும் அதுவரை வேலைக்குப் போனதில்லை. "காக்களூர்" என்று நான் வாயைத் திறந்தாலே, "அது கிடக்கட்டும், அமாவாசைக்குக் கூட்டம் எப்படி வரப்போறதோ" என்பார். முடியாது என்றாலாவது சண்டை போடலாம். அதையும் சொல்ல மாட்டார்!

கடைசியில் முதலாளியே இன்ஜினியரை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். "நா பாத்துக்கிறேன், நீ பேஜாராவாத" என்று எனக்குத் தைரியம் வேறு சொன்னார்.

அம்மா காபி கொடுத்தாள். உங்கள் ஊரில் மழை எப்படி என்று அப்பா விசாரித்தார். நான் ஜப்பானியத்தில் கேட்டேன். இன்ஜினியர் மழையைப் பற்றிச் சொல்லிவிட்டு, "தொகோரோதே" என்று இழுத்தார். அப்பாடா! 'அது இருக்கட்டும், இன்னொரு சங்கதி' என்று அதற்கு அர்த்தம். வேலைப் பேச்சுதான் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் கேட்டதோ, அப்பா நெற்றியில் இட்டிருக்கும் திருமண் எங்கே கிடைக்கும் என்று.

போச்சு. அப்பா குளிர்ந்துபோனார். திருமண்ணிலிருந்து புளியோதரைக்குத் தாவினார். "சோ இயெபா" என்றார் இன்ஜினியர். 'நீங்கள் சொன்னதும்தான் ஞாபகம் வருகிறது' என்று அர்த்தம். அவருக்குத் தன் அம்மா போடும் ஊறுகாய் ஞாபகம் வந்துவிட்டது. வந்ததும் வராததுமாகக் காரியத்தைப் போட்டு உடைப்பது அவர்கள் ஊரிலும் மரியாதை இல்லையாம். அப்பா "அது கிடக்கட்டும்" என்பார், நான் "தொகோரோதே" என்பேன். அவர் "தொகோரோதே" என்பார், நான் "அது கிடக்கட்டும்" என்பேன். சம்பந்திகள் தோற்றார்கள் போங்கள்! எனக்குத் தொண்டை வறண்டது.

முதலாளி வாயெடுத்தபோதெல்லாம் இருவரில் ஒருவர் புதுப் பேச்சை எடுத்தார்.

"இன்னாம்மா இது, ஒருத்தருக்கொருத்தர் சளைக்காம பேசிக்கினே போறாங்க" என்று என்னிடம் முணுமுணுத்தார்.

ஒருவழியாக இன்ஜினியர் "சாதே" என்று எழுந்தார். 'சரி, அடுத்து ஆகவேண்டியதைப் பார்ப்போம்' என்பது மாதிரியான சொல். அடுத்து ஆனது என்னவென்றால், அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் குனிந்து வணங்கினார். அப்பாவும் கைகூப்பினார். அவ்வளவுதான். எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து முட்டியது.

இன்ஜினியர் கடைசியாக ஏதோ சொன்னார். "என்ன சொல்றார்?" என்றார் அப்பா.

"போய்ட்டு வரேங்கறார். இப்போ நான் கேக்கறேன். திங்கக்கிழமையிலேர்ந்து நான் வேலைக்குப் போகட்டுமா, வேண்டாமா? பேச்சை மாத்தாம சொல்லுங்கோ!"

வெளி மனிதர்கள் முன்னால் நான் அப்படிக் கேட்டதும் அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள். முதலாளி தரையைப் பார்த்தார். அப்பா மட்டும் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"அப்போ இத்தனை நாழி நீ பண்ணிண்டிருந்தது அந்த வேலை இல்லாம வேற என்னவாம்?" என்றார்.