கதவு சாத்திய வழக்கு

நீதிமன்றத்தில் எல்லோருக்கும் அவர் டைப்பிஸ்ட் அக்காதான். சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து, சாட்சிகள் சொல்வதை நீதிபதி சுருக்கிச் சொல்லச் சொல்ல இருபது வருடம் தட்டியவர். ஒருவர் பத்து நிமிடம் கொட்டித் தீர்ப்பார். தாளில் "எதிர்மனுதாரர் என்னை அவமதித்தார்" என்று ஒரே வரி விழும். மீதிப் பேச்சு எங்கே போகிறது என்று அக்காவுக்கு உறுத்திக்கொண்டே இருக்கும்.

நாற்பத்திரண்டு வயதில் மாலை நேரச் சட்ட வகுப்பில் சேர்ந்தார். கணவர் பேருந்து ஓட்டுநர். "என்கிட்ட வாதாட உனக்குப் பட்டம் வேற வேணுமா?" என்று கேட்டவர், மாலையில் மகளைப் பார்த்துக்கொள்வதற்காக அந்த வாரமே காலைப் பணிக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தார். பட்டம் வாங்கியதும் அக்கா தட்டச்சு வேலையை விட்டுவிட்டு வக்கீலானார்.

முதல் வழக்கிலேயே சொதப்பினார். எதிர்த்தரப்பு வக்கீல் சொன்ன ஒரு விஷயம் நியாயமாகப் பட்டது. தன்னை அறியாமல் தலையாட்டிவிட்டார்.

"ஏம்மா, நீங்க யார் பக்கம்?" என்றார் நீதிபதி. கூடமே சிரித்தது. அக்காவும் சிரித்து வைத்தார். ஆனால் காது மடல் வரை சுட்டது.

அந்த வருடம்தான் பழைய ஆவண அறையைக் காலி செய்து, வெள்ளையடித்து, சமரச மையம் திறந்தார்கள். அங்கே தீர்ப்புக் கிடையாது. இரண்டு தரப்பையும் பேசவிட்டு, அவர்களே ஒரு முடிவுக்கு வர உதவ வேண்டும். அதற்கு நாற்பது மணி நேரப் பயிற்சி. முதலில் பெயர் கொடுத்தவர் அக்கா. இரண்டு பக்க நியாயமும் கண்ணில் படுகிற கோளாறுக்கு ஏற்ற வேலை இதுதான் என்று அவருக்குச் சந்தேகமே இல்லை.

நான்காவது மாதம் ஒரு வழக்கு வந்தது. ஒரே கட்டடத்தில் கீழ்வீட்டில் ஒரு நர்ஸ். பாதி மாதம் இரவுப் பணி, பகலில்தான் தூக்கம். மேல்வீட்டில் டிரம்ஸ் வாத்தியார், பகலில்தான் வகுப்பு. ஐந்து வருட வழக்கு. வழக்குக் காகிதக் கட்டு முழங்கை உயரம்.

இருவரையும் நேருக்கு நேர் உட்காரவைத்தார் அக்கா. அது தப்பாகப் போயிற்று. ஐந்தாவது நிமிடம் நர்ஸ் எழுந்து நின்று கத்தினார். வாத்தியார் நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே போய்விட்டார்.

அடுத்த வாரம் தனித்தனியாகக் கூப்பிட்டார். முதலில் நர்ஸ்.

"சத்தத்தை விடுங்க. முதல் நாள் என்ன நடந்துச்சு?"

நர்ஸ் கைப்பையை மேசைமேல் வைத்தார். "மூணு நாள் தூங்கலை. கெஞ்சிக் கேட்கலாம்னுதான் மாடிக்குப் போனேன். பிள்ளைங்க எல்லாரும் பார்க்க, மூஞ்சில அடிச்ச மாதிரி கதவைச் சாத்தினார். நானும் ஒரு மனுஷிதானே?"

ஐந்து வருட வழக்குக் காகிதங்களில் இந்தக் கதவு எங்கேயும் இல்லை. சத்தத்தை அளந்த டெசிபல் கணக்கு மட்டும்தான் இருந்தது. நர்ஸிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, பக்கத்து அறையில் வாத்தியாரிடம் அக்கா அதைச் சொன்னார்.

அவர் முகம் மாறிவிட்டது. "மறுநாள் பிள்ளைங்களுக்குப் போட்டி, மேடம். என்ன சொல்ல வந்தாங்கன்னே கேட்கலை. போட்டி முடிஞ்சு ஒருநாள் கீழ போய்ப் பேசணும்னு இருந்தேன். அதுக்குள்ள வக்கீல் நோட்டீஸ் வந்துடுச்சு. அப்புறம் எனக்கும் வீம்பு."

"இதை அவங்ககிட்ட நீங்களே சொல்றீங்களா?"

சொன்னார். நர்ஸ் இருந்த அறைக்கே வந்து, தடுமாறித்தான் சொன்னார். நர்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "நானும் இன்னொரு தடவை வந்து தட்டியிருக்கலாம்" என்றார்.

மற்றதெல்லாம் மளமளவென்று நடந்தது. நர்ஸ் மாதம் பிறந்ததும் தன் பணி அட்டவணையைக் கொடுத்துவிடுவார். இரவுப் பணி நாட்களில் மேலே சத்தம் எழாத ரப்பர் தட்டில்தான் பயிற்சி, சாயந்தரம் ஐந்துக்குப் பிறகு டிரம்ஸ். அரைப் பக்க ஒப்பந்தம். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். வெளியே நின்ற நர்ஸின் வக்கீல், "அஞ்சு வருஷ கேஸை ரெண்டே வாரத்துல முடிச்சு என் பிழைப்பைக் கெடுத்துட்டீங்களே, அக்கா!" என்று கும்பிட்டார்.

இந்தக் கதை சட்டக் கல்லூரி முதல்வர் காதுக்கு எட்டியது. சமரசப் பாடத்தைக் கட்டாயமாக்கியிருந்த நேரம். நடத்தத்தான் ஆள் இல்லை. அக்காவை அழைத்தார்.

முதல் வகுப்பில் கடைசி வரிசைப் பெண் ஒருத்தி எழுந்தாள். "மேடம், இது வாதாடத் தெரியாதவங்க பாடம்தானே?"

"எனக்கு வாதாட வராது, உண்மைதான்" என்றார் அக்கா. "நீ நல்லா வாதாடுவியா? வா, பார்க்கலாம்."

அவளையும் இன்னொருவனையும் ஒரு கடைக்கு உரிமை கோரும் அண்ணன் தங்கையாக நடிக்கச் சொன்னார். அந்தப் பெண் பிய்த்து உதறினாள். எதிரே இருந்தவனால் வாயே திறக்க முடியவில்லை. வகுப்பு கைதட்டியது.

"ஜெயிச்சுட்டே. இப்ப அவன்கிட்ட ஒப்பந்தத்துல கையெழுத்து வாங்கு."

அவன் கையைக் கட்டிக்கொண்டு, "போட மாட்டேன்" என்றான். எவ்வளவு பேசியும் அசையவில்லை. கடைசியில் அவள் அலுத்துப்போய், "சரிடா, உனக்கு என்னதான் வேணும்?" என்றாள்.

"இந்தக் கேள்வியை முதல்லயே கேட்கக் கத்துக்கத்தான் இந்த வகுப்பு" என்றார் அக்கா. அந்தப் பெண் அதன்பின் ஒரு வகுப்பையும் தவறவிடவில்லை. மறுவருடம் மாணவர்கள் கூடிப்போய், வகுப்பைப் பெரிய கூடத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று.

முழுநேரமாகவே வந்துவிடும்படி முதல்வர் இப்போது வற்புறுத்துகிறார். அக்கா பிடி கொடுக்கவில்லை. வாரத்தில் இரண்டு நாள் கல்லூரி, மூன்று நாள் மையம்.

"நிஜச் சண்டையைப் பார்க்காம நான் எதை சார் பாடம் எடுக்கிறது?" என்று கேட்டுவிட்டு, மையத்துக்குப் பேருந்து பிடிக்கக் கிளம்பிவிட்டார்.