மஞ்சள் நாடா கட்டிய குட்டி

அப்பா கால்நடை மருத்துவர், அம்மா ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். இருவருக்கும் ஒரே சமயத்தில் கொல்லிமலைக்கு மாற்றல் கிடைத்ததைச் சொந்தக்காரர்கள் தண்டனை என்றார்கள், அப்பா அதிர்ஷ்டம் என்றார். மலைமேல் வாழவந்தி நாடு என்ற ஊரில் குவார்ட்டர்ஸ். நான் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த வருடம் அந்த வீட்டு வாசலில் ஒரு ஜீப் வந்து நின்று, அதிலிருந்து ஒரு சினை நாய் இறங்கியது.

பார்வையற்றவர்களுக்கு வழிகாட்ட நாய்களைப் பழக்கும் ஒரு நிறுவனத்தில் அப்பாவின் கல்லூரி நண்பர் ஒருவர் இருந்தார். குட்டி போட வேண்டிய நாய்க்குக் கீழே வெயில் தாங்கவில்லை. மலை குளிர்ச்சி, வீட்டிலேயே டாக்டர், வேறென்ன வேண்டும் என்று அவர் கேட்க, அப்பா சரி என்றுவிட்டார். சரி என்ற பிறகுதான் அம்மாவிடம் சொன்னார்.

“ஆஸ்பத்திரியிலயும் பிரசவம், வீட்டுக்கு வந்தா இங்கயும் பிரசவமா?” என்று கேட்டுவிட்டு அம்மா குளிக்கப் போய்விட்டாள்.

பிறந்த குட்டிகள் எல்லாம் ஒரே வைக்கோல் நிறம். அடையாளத்துக்கு ஆளுக்கொரு கலரில் கழுத்தில் நாடா கட்டினோம். பெயர் வைக்கக் கூடாது, பெயர் அங்கே போனதும் அவர்கள் வைப்பார்கள். எனக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். நாளைக்கு ரோட்டில் நடக்கப்போகிற குட்டிகள் சத்தத்துக்குப் பயப்படக் கூடாது. அதனால் தினமும் நான் சில்வர் தட்டைக் கீழே போட வேண்டும், குடையைப் படக்கென்று விரிக்க வேண்டும், மிக்ஸியை ஓடவிட வேண்டும். வீட்டில் தட்டைப் போட்டதற்காகத் திட்டு வாங்காமல் பாராட்டு வாங்கியது அந்த ஒரு காலத்தில்தான்.

மஞ்சள் நாடா குட்டி எதற்கும் அசையாது. குக்கர் விசில் அடித்தால் மற்றதெல்லாம் தாயின் வயிற்றுக்கடியில் புகும், இது மட்டும் விசில் வந்த திசையைப் பார்த்து நடக்கும். பெரிய உத்தியோகத்துக்குப் போகும் என்று நான் முடிவுகட்டிவிட்டேன். ஒரு நாள் கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு அதன் பின்னால் நடந்து பார்த்தேன். நேராகக் கொண்டுபோய்ப் பலாமரத்தில் முட்டவிட்டது. சின்ன வயசுதானே, பழகிவிடும் என்று நெற்றியைத் தேய்த்துக்கொண்டேன்.

குட்டிகள் தத்தித்தத்தி ஓட ஆரம்பித்திருந்த சமயம். ஒரு தூறல் நாளில் சிலிண்டர் கொண்டுவந்தவர்கள் கேட்டைத் திறந்துபோட்டுப் போய்விட்டார்கள். எண்ணிப் பார்த்தால் மஞ்சள் இல்லை. மிளகுக்கொடி ஏறிய மரங்களுக்கு நடுவே நானும் அப்பாவும் தேடிக்கொண்டிருந்தபோது, எங்களுக்குப் பால் ஊற்றும் அக்கா மேட்டிலிருந்து கூப்பிட்டார்.

“டாக்டருங்க! உங்க குட்டி எங்க மாட்டுக்கொட்டாயில கெடக்குதுங்க. எங்க நாயி தூக்கவே உட மாட்டீங்குது.”

போய்ப் பார்த்தோம். அக்கா வீட்டு நாய் சாக்கின் மேல் படுத்திருந்தது. மஞ்சள் அதன் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பா சிரிக்கவில்லை. அந்த நாயின் குட்டிகள் எல்லாம் முந்தின வாரம்தான் ரத்தக் கழிச்சலில் செத்திருந்தன. அப்பாதான் வைத்தியம் பார்த்தார், ஒன்றையும் காப்பாற்ற முடியவில்லை. அந்தச் சாக்கிலேயே நோய் இருக்கும். எங்கள் குட்டிகளுக்கோ இன்னும் தடுப்பூசி போடவில்லை.

மஞ்சளை வீட்டுக்குக் கொண்டுபோனால் மற்ற எல்லாவற்றுக்கும் ஆபத்து. அது கொட்டகையிலேயே இருக்கட்டும் என்றார் அப்பா. நண்பருக்குப் போன் செய்து எதையும் மறைக்காமல் சொன்னார்.

அதுவரை குட்டிகளைத் தொடாத அம்மா அன்றிலிருந்து மாறினாள். வாசலில் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீர் வைத்து, அதில் கால் வைக்காமல் யாரையும் உள்ளே விடவில்லை. என்னைக் கொட்டகைப் பக்கமே போகக் கூடாது என்றாள். அவள் தினமும் டியூட்டி முடிந்ததும் போவாள், திரும்பி வந்து பின்பக்கம் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவாள்.

பயந்தது போலவே மஞ்சளுக்கும் நோய் கண்டுவிட்டது. தண்ணீர்கூட வயிற்றில் நிற்கவில்லை. அப்பா அதன் காலில் ஊசி குத்த, அம்மா அசையாமல் பிடித்துக்கொள்ள, டிரிப் ஏற்றினார்களாம். அக்கா வந்து சொன்னார். “நர்சம்மா நம்ம நாயி தலையயும் ஒரு கையில தடவிக் குடுத்துக்கிட்டே இருந்தாங்க கண்ணு. இல்லைன்னா அது கிட்டவே உட்டுருக்காது.”

குட்டி பிழைத்தது. வீட்டிலிருந்தவற்றுக்கு நோய் வரவில்லை. ஆனால் மஞ்சளை எடுத்துக்கொள்வதில்லை என்று நிறுவனத்தில் முடிவு செய்துவிட்டார்கள். வேன் வந்தது. அதில் வந்த நிறுவனத்துப் பெண்மணி, மலையடிவாரத்தில் காரவள்ளி இறங்கியதும் போன் செய்கிறோம் என்று சொல்லித் தாயையும் குட்டிகளையும் ஏற்றிக்கொண்டு போனார். நான் அழுதேன். பிரிவுக்காக அல்ல. இருந்ததிலேயே கெட்டிக்காரக் குட்டி ஃபெயிலாகிவிட்டதே என்று.

“பாவம்க்கா, அது மட்டும் தேறல,” என்றேன்.

அக்கா பால் அளப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். “உசுரோட எங்க ஊட்ல சுத்துது. இன்னும் என்ன சாமி தேறோணும்?”

எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. தேர்வு பற்றி இவருக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன்.

கோடை விடுமுறைக்கு முன்னால் நாமக்கல்லில் ஒரு விடுதிப் பள்ளியில் எனக்கு இடம் கிடைத்தது. நுழைவுத்தேர்வில் நல்ல மார்க் என்று அப்பா இனிப்பு வாங்கி வந்தார். நான் தெருவெல்லாம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால் அம்மாவைக் காணவில்லை.

அக்கா வீட்டுக் கொட்டகையில் இருந்தாள். டியூட்டிப் புடவையோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். நன்றாக வளர்ந்துவிட்ட மஞ்சள் அவள் மடிகொள்ளாமல் கிடந்தது. பக்கத்தில் அந்த நாய். அக்கா மாட்டுக்குத் தீவனம் வைத்துக்கொண்டிருந்தார்.

“உடம்பு சரியில்லையாம்மா அதுக்கு?”

“இல்ல, நல்லாத்தான் இருக்கு.”

“அப்புறம் ஏன் வந்த?”

“சாப்பிட்டியா?” என்று கேட்டாள் அம்மா.

திரும்பி நடக்கும்போது நான் பேசிக்கொண்டே வந்தேன். விடுதியில் ஒரு அறைக்கு எத்தனை பேர், பெட்டி எந்தக் கலரில் வேண்டும், மாதம் ஒரு முறைதான் வீட்டுக்கு விடுவார்களாம், அதெல்லாம் எனக்குப் பரவாயில்லை. அம்மா ‘ம்’ கொட்டிக்கொண்டு வந்தாள். இரண்டு எட்டு வைப்பாள், நிற்பாள். மழை வரும்போல இருந்தது. இப்படி நடந்தால் எப்போது வீடு போய்ச் சேருவது என்று அலுத்துக்கொண்டு, அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முன்னால் நடந்தேன்.