இலை போட்டால் சோறு எங்கே?

புரியாவிட்டாலும் தலையாட்டி வைக்கிற ஆள்தான் நான். அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்து, கன்டோன்மென்டில் நடந்த நவீன கலைக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். உடைந்த நாற்காலிக்கும் தலையாட்டினேன், படமே இல்லாத சட்டத்துக்கும் தலையாட்டினேன்.

கடைசி அறையில் தரையில் வரிசையாக வாழை இலைகள். தண்ணீர்கூடத் தெளித்திருந்தார்கள். சோறு மட்டும் இல்லை. சுவரில் ‘பசியின் மௌனம்’ என்று எழுதியிருந்தது.

மதியம் சாப்பிடாத எனக்கு எரிச்சல் வந்தது. ஓர் இலை முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

குறுந்தாடிக் கலைஞர் ஓடி வந்தார். “மேடம், எந்திரிங்க! இது வெறுமையோட ஒரு உரையாடல்.”

“இலை போட்டுத் தண்ணியும் தெளிச்சிருக்கீங்க. சோறு வராம நான் எந்திரிக்க மாட்டேங்க.”

சுற்றி நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். முசிறியிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து, வழிக்கென்று கட்டி வந்த டிபன் பாக்ஸைத் திறந்து, என் இலையில் தயிர்சாதமும் எலுமிச்சை ஊறுகாயும் வைத்தார். பிறகு கலைஞரைப் பார்த்தார்.

“நீங்களும் காலையிலேர்ந்து நின்னுக்கிட்டே இருக்கீங்க. உட்காருங்க தம்பி.”

அவர் தயங்கினார். அப்புறம் உட்கார்ந்தார். இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இப்போதெல்லாம் யார் முறைத்தாலும் “புரியலீங்க” என்று சத்தமாகச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கண்காட்சியில் எனக்கு முழுசாகப் புரிந்தது அந்த ஊறுகாய் ஒன்றுதான்.